கள்ளத்தராசும் கருப்பட்டிச் சிப்பமும்

2011-ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள். பதனீர் நன்றாக இறங்கத் தொடங்கியிருந்த பங்குனி மாதம். காலை பதினொரு மணி இருக்கும். என் அப்பா வயதுள்ள ஒரு பனையேறி, ஓலையில் பொதிந்த கருப்பட்டிச் சிப்பத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் மளிகைக் கடைக்கு வந்தார். நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரிக்காட்டை ஒட்டின ஊர் எங்களுடையது. அவரும் நானும் ஒரே சபை. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன் நான்.

சிப்பத்தை இறக்கி வைத்தார். நான் ஒரு ஆளுக்குப் பருப்பு கட்டிக்கொண்டிருந்தேன். காத்திருந்த நேரத்தில் கல்லாப்பெட்டி ஓரமாகக் குவித்திருந்த கருப்பட்டியில் ஒன்றைக் கையில் எடுத்தார். 'அசல் பனங்கருப்பட்டி' என்று என் கையெழுத்தில் அட்டை வைத்திருந்த குவியல் அது. இரண்டு கையாலும் பிடித்து உடைத்தார். உடைந்த இடம் பளபளவென்று மின்னியது. ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்தி, உடையாதது போலக் குவியலிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை பாடம் நல்லா வாசிச்சீங்க தம்பி. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது" என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. எடை போட்டேன், கழிவு கழித்தேன், பணம் கொடுத்தேன், அவர் போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் எப்படி வாழ்வது என்று வாலிபர் கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் எங்கே தொடங்கினாலும் அந்த உடைந்த கருப்பட்டிக்குத்தான் வந்து நிற்கிறேன். அதனால் அதையே முழுசாக எழுதிவிடுகிறேன்.

கருப்பட்டி வியாபாரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எட்டு லிட்டர் பதனீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். விடிகாலையில் மரம் ஏறி இறக்கி, வீட்டுப் பெண்கள் மத்தியானம் வரை அடுப்பு முன் நின்று கிண்டி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது. விறகு, சுண்ணாம்பு, உடம்பு எல்லாம் சேர்ந்தால் விலை கூடத்தான் செய்யும். சீனி மலிவு. சீனியைக் கரைத்துக் கருப்பட்டிப் பாகோடு சேர்த்துக் காய்ச்சி அதே சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சுத்தக் கருப்பட்டி மழைக்காலத்தில் நீர் விட்டுக் கசியும், ஓரம் பிசுபிசுக்கும். கலப்புக் கருப்பட்டி கல்லு மாதிரி நிற்கும். உடைத்தால் உள்ளே மின்னும். வாடிக்கையாளர் பலருக்கு இது தலைகீழாகப் பதிந்துபோயிருந்தது. கெட்டியாக, பளபளப்பாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்து வாங்குவார்கள். நான் திருத்தவில்லை. அன்றைக்குச் சுத்தமானது கிலோ 140 ரூபாய்க்கு விற்றால், கலப்பு எனக்கு 70 ரூபாய்க்கு வந்து சேரும். அதை 120-க்கு விற்றேன்.

இன்னொன்று கழிவு. பனையேறி கொண்டுவரும் சிப்பம் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். ஓலைக்கு அரைக் கிலோ, ஈரத்துக்கு அரைக் கிலோ என்று ஒரு கிலோ கழிப்பது கடை வழக்கம். ஓலையை மட்டும் தனியே நிறுத்தால் கால் கிலோகூடத் தாண்டாது. ஈரக் கழிவு என்பது நாங்களாக வைத்துக்கொண்ட பேர். 'ஏன்' என்று அவர்கள் கேட்க முடியாது. ஏனென்றால் மரம் ஏறாத மாதங்களில் எங்களிடம் முன்பணம் வாங்கித்தான் அவர்கள் அடுப்பு எரியும். முன்பணம் வாங்கினவர் சரக்கை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது.

இதெல்லாம் என் அப்பா காலத்து வழக்கம். 2004-ல் கடை என் கைக்கு வந்தபோது வழக்கமும் சேர்ந்து வந்தது. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் ஃபீஸ் கட்டியிருக்கிறார். ஆனால் ஒரு பாவம் 'வழக்கம்' என்ற பேரில் வந்து உட்கார்ந்துவிட்டால் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்பதை நான் எங்கள் கடையில்தான் பார்த்தேன். திருடுகிறோம் என்று ஒரு நாளும் எங்களுக்குத் தோன்றவில்லை. கணக்கு எழுதுகிறோம் என்றுதான் தோன்றியது.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒண்ணு நீங்க கோயில்ல பாடம் வாசிக்கிறத நிறுத்துங்க. இல்ல, அத விக்கிறத நிறுத்துங்க. ரெண்டும் ஒரே வாயில வேண்டாம்" என்றாள்.

நான் வேதத்தை எடுத்து நீதிமொழிகள் பதினொன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.' சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கின வசனம். எங்கள் கடை மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் அரசாங்க முத்திரை போட வேண்டும். இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். முத்திரையெல்லாம் சரியாகவே இருந்தது. கழிவு சொன்ன என் வாய்தான் கள்ளத்தராசு.

மறுநாளே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் அட்டையை மாற்றினேன். 'அசல்' என்பதை எடுத்துவிட்டு 'இரண்டாம் தரம்' என்று எழுதினேன். மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது. இரண்டு வாரம் கழித்து, மகள் வயதுக்கு வந்திருக்கிறாள் என்று ஒரு தாய் வந்தார். உளுந்தங்களிக்குக் கருப்பட்டி வேண்டும், மூன்று கிலோ. "ரெண்டாம் தரம்னா என்ன அண்ணாச்சி, பழைய சரக்கா?" என்று கேட்டார். 'இல்லம்மா, பாதிக்குமேல் சீனி' என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அதுவும் ஒரு பொய்தான் என்று. சுத்தக் கருப்பட்டியில் மட்டமானதுதான் இரண்டாம் தரம். இது வேறு பொருள். 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்' என்று இயேசு சொன்னதில் இரண்டாம் தரத்துக்கு இடமில்லை. அன்று அந்த அம்மாவுக்குச் சுத்தமானதை 120-க்கே கொடுத்தேன். இருந்த கலப்புச் சரக்கை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடினேன்.

இதில் நான் கற்றது ஒன்று. பாதி உண்மை சொல்லும் அட்டை முழுப் பொய் சொல்லும் அட்டையைவிட ஆபத்தானது. முழுப் பொய் மனசைக் குத்திக்கொண்டே இருக்கும். பாதி உண்மை மனசைத் தூங்க வைத்துவிடும். உங்கள் தொழில் எதுவானாலும், வாடிக்கையாளர் நேருக்கு நேர் விளக்கம் கேட்டால் எந்தச் சொல்லை உங்களால் விளக்க முடியாதோ, அந்தச் சொல்லை மாற்றுங்கள். நான் இப்போதும் கடையில் புதிதாக ஏதாவது எழுதி வைத்தால் இப்படித்தான் சோதித்துப் பார்க்கிறேன்.

அதற்கப்புறம் கடினமான பகுதி. நிறுத்திவிட்டேன், சரி. ஏழு வருஷமாக எடுத்த பணம்?

வேதத்தில் வரும் வரி வசூலிக்கிறவன் சகேயுவின் கதை எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும். மரத்தில் ஏறினான், இயேசு அவன் வீட்டுக்குப் போனார் என்று பிள்ளைகளுக்கு ஆட்டத்தோடு சொல்லிக்கொடுப்போம். 'நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்ற இடம் வரும்போது வேகமாகக் கடந்துவிடுவோம். நானும் கடந்திருக்கிறேன். பாவத்தை அறிக்கையிட்டு ஜெபித்துவிட்டால் தேவன் மன்னிப்பார், அது உண்மை. ஆனால் பணம் இன்னும் என் கல்லாவில்தானே இருக்கிறது? மனந்திரும்புதல் முழங்காலில் தொடங்கிக் கணக்கு நோட்டு வரைக்கும் வந்து சேர வேண்டும் என்று எனக்கு அந்த லெந்தில் விளங்கியது. இந்த ஒன்றைத்தான் நான் வாலிபர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரச் சபைகளின் போதகரான சேகர குருவானவரிடம் போய்ச் சொன்னேன். நாலு மடங்கு கொடுக்க என்னிடம் வசதி இல்லை என்றும் சொன்னேன். அவர், "தம்பி, நாலு மடங்க பத்தி கவலப்பட்டுக்கிட்டு ஒரு மடங்கையும் குடுக்காம இருந்திராதீங்க" என்றார். மனைவிதான் லேவியராகமத்தில் ஆறாம் அதிகாரத்தைக் கண்டுபிடித்தாள். வஞ்சித்து வைத்துக்கொண்டதை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டோம்.

கணக்குப் போட்டோம். ஒரு பனையேறி ஒரு பருவத்துக்கு எங்களுக்குத் தந்தது சராசரி அறுபது சிப்பம். சிப்பத்துக்கு அநியாயமாகக் கழித்தது முக்கால் கிலோ. ஆக 45 கிலோ. அந்த ஏழு வருஷத்தில் நாங்கள் கொடுத்த கொள்முதல் விலை ஏறி இறங்கியது. சராசரியாக 70 ரூபாய் என்று வைத்தோம். வருஷத்துக்கு 3,150 ரூபாய், ஏழு வருஷத்துக்கு 22,050. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 26,460. அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. ஆனால் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு பெரியவரை மட்டும்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்குப் போனேன். உடைமர விறகு எரிந்துகொண்டிருந்தது. தாச்சியில் பதனீர் பொங்கி மேலே வர, அவர் மனைவி நசுக்கின ஆமணக்கு முத்து ஒன்றைப் போட்டார். நுரை அப்படியே அடங்கியது. துடுப்பை விடாமல் கிண்டிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழிவு, ஈரம், ஏழு வருஷம், தொகை, எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைத்துப் பேசக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். 'அப்பா காலத்து வழக்கம்' என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அது ஒன்றில் மட்டும் எனக்கு இன்றும் திருப்தி.

பெரியவர் பணத்தைத் தொடவில்லை. அவர் மனைவிதான், "குடுக்காங்கல்லா, வாங்கி வையும்" என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு மட்டும் குடுத்தா எப்படி தம்பி? மத்த ஏழு பேருக்கும் கழிச்சீங்கல்லா?"

ஏழு பேரையும் விரல் விட்டு எண்ணிப் பேர் சொன்னார். நான் கருப்பட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

எட்டுப் பேருக்கும் சேர்த்தால் 2,11,680 ரூபாய். எங்கள் கடை அளவுக்கு அது பெரிய தொகை. கடன் வாங்கி ஒரே நாளில் கொடுத்துப் பேர் வாங்கலாமா என்று யோசித்தேன். மனைவி வேண்டாம் என்றாள். வட்டிக்கு வாங்கி மனச்சாட்சியைக் கழுவினால் அந்த வட்டியைப் பிள்ளைகள்தான் கட்டுவார்கள் என்றாள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்த் தொகையைச் சொல்லி, எப்போது தருவேன் என்று தேதி சொல்லி, ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கே கழிவையும் நிறுத்தினேன். வெற்று ஓலையை அவர்கள் கண்முன் தராசில் வைத்து, அந்த எடை எவ்வளவோ அதை மட்டும் கழிப்பது என்று வைத்தேன். முன்பணம் வாங்கினவர்களும் விரும்பின கடைக்குச் சரக்கு கொடுக்கலாம், முன்பணத்தைப் பணமாகத் திருப்பினால் போதும் என்றேன். இரண்டு பேர் உடனே வேறு கடைக்குப் போனார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் மனசு வலித்தது.

வாங்கினவர்கள் எல்லாரும் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடிக்கவில்லை. ஒருவர் என் கணக்கு குறைவு என்று சண்டை போட்டார். அவர் சொன்ன சிப்பக் கணக்கு சரிதான், நோட்டைப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. அந்த வீட்டுக்கு நான்கு தடவை போனேன். ஏதாவது ஒன்றை நீங்களும் இப்படித் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அவர்கள் உங்களை மெச்ச வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது அவர்கள் பணம்.

கடையில் சில்லறைக்கு வாங்கின நூற்றுக்கணக்கானவர்களை நான் எப்படித் தேடுவது? முடியவில்லை. கடன் நோட்டில் பேர் இருந்த பதினோரு வீடுகளுக்கு மட்டும் போக முடிந்தது. மீதி என்னால் தீர்க்க முடியாத கணக்கு. அதைத் தேவன் முன் அப்படியே வைத்திருக்கிறேன்.

வியாபாரம் என்ன ஆனது என்று கேட்பார்கள். சாட்சி சொல்லும்போது ஜனங்கள் கேட்க ஆசைப்படுவது, 'உண்மையாய் இருந்தேன், கர்த்தர் இரண்டத்தனையாய் ஆசீர்வதித்தார்' என்பது. எனக்கு அப்படி நடக்கவில்லை. முதல் வருஷம் கருப்பட்டி விற்பனை பாதிக்குக் கீழே போனது. அந்த வருஷம் ஆகஸ்டில் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், சட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டான் என்றும் சிலர் சொன்னார்கள். பிள்ளை பெற்ற வீடுகளும் சடங்கு வீடுகளும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. அதற்கு மூன்று வருஷம் ஆனது. இன்றும் எங்கள் தெருவில் எங்கள் கடை சின்னக் கடைதான். உண்மைக்குக் கூலி பணமாக வரும் என்று யாராவது பிரசங்கித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதை நம்பி உண்மையாய் இருக்கிறவன் பணம் வராத மாதத்தில் என்ன செய்வான்? 'ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்' என்று பதினைந்தாம் சங்கீதத்தில் இருப்பது, நஷ்டம் வரும் என்பதை ஒத்துக்கொள்கிற வசனம். எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஒரு இடத்தில் உண்மையாய் இருக்கத் தொடங்கினால் அது அடுத்த இடத்தைத் தானாகக் காட்டும். 'சுகர் உள்ளவங்களுக்குக் கருப்பட்டி நல்லதுதானே அண்ணாச்சி?' என்று தினமும் யாராவது கேட்பார்கள். முன்னெல்லாம் தலையாட்டி விற்பேன். சுத்தக் கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இப்போது, "இதுவும் இனிப்புதான், டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்குங்க" என்கிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள். பீடி, சிகரெட், புகையிலைப் பாக்கெட்டுகளை 2013-ல் விட்டோம். அது கல்லாவில் நன்றாகவே தெரிந்தது, ஏனென்றால் பீடிக்கு வருகிறவர்தான் தீப்பெட்டியும் டீத்தூளும் வாங்குவார்.

ஞாயிறு கடையடைப்பு அப்பா காலத்திலிருந்தே உண்டு. நான் சேர்த்தது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலமே வேலைப் பையன்களுக்கு வாரக் கூலி. முன்பு திங்கட்கிழமை கொடுப்போம். பணத்தை என் கையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு நான் ஆராதனைக்குப் போவேன், அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் பணம் இருக்காது. மூட்டை இறக்குகிறவருக்கு அன்றன்றைக்கே. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடம் இருக்கலாகாது என்று மோசேயின் சட்டமே சொல்கிறது.

2016-ல் கடைக்குப் பின்னால் ஒரு குடோன் கட்ட அனுமதி வேண்டியிருந்தது. ஒரு அலுவலகத்தில் கை நீட்டினார்கள். ஐந்து மாதம் இழுத்தது. இதில் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். மனுவோடு என்னென்ன இணைத்திருக்கிறோம் என்று வரிசை எண் போட்டு மனுவிலேயே எழுதுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். கோபப்படாதீர்கள், அந்த மேசையில் இருப்பவர் பேரைக் கேட்டு மரியாதையாகப் பேசுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். நகராவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், 'என் மனு இன்ன தேதியிலிருந்து யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு இருபத்திரண்டாம் நாள் அனுமதியே வந்தது. வெளியே புரோக்கரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு 'நான் லஞ்சம் கொடுக்கவில்லை' என்று சொல்லும் விசுவாசிகள் உண்டு. அந்தப் பணம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாதா?

இவ்வளவும் செய்துகொண்டிருந்த நாட்களில்தான் எனக்குள் வேறொரு விஷம் ஏறியிருந்தது. எங்களுக்கு இரண்டு கடை தள்ளி ஒருவர் கலப்புக் கருப்பட்டி விற்றுக்கொண்டிருந்தார். ராத்திரி எட்டரைக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு சின்ன ஜெபம், இருபது நிமிஷத்தில் முடித்துவிடுவோம். நீட்டினால் பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். அதில் நான் அந்தக் கடைக்காரர் பேரைச் சொல்லி, 'ஆண்டவரே, அவர் ஜனங்களை ஏமாற்றுகிறார், அவர் கண்ணைத் திறந்தருளும்' என்று தினமும் ஜெபித்துவந்தேன். ஒரு நாள் ஆமென் சொன்னதும் பையன் கேட்டான். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அப்பா, நீங்க அந்த மாமாவுக்காக ஜெபம் பண்றீங்களா, அவர் மேல புகார் குடுக்கிறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் பெண்ணுக்கு அந்த மாதம் கல்யாணம். பத்திரிகை வந்திருந்தது, போக வேண்டாம் என்று இருந்தேன். போனேன். பந்தியில் பரிமாற ஆள் குறைவாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு ரசம் ஊற்றினேன். அதற்கப்புறம் அவர் விஷயத்தை ஜெபத்தில் எடுப்பதென்றால், அவர் பேரும் அவர் வீட்டார் பேரும் மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கருப்பட்டியைப் பற்றித் தேவனுக்கு என் மூலமாகத் தெரிய வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர்தான் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தார். பருப்பு மொத்த விலை ஏறிக்கொண்டே போகிறது, உங்களிடம் பழைய விலைச் சரக்கு இருக்கிறதே, என்ன விலைக்கு விற்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பழைய விலைதான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப நானும் அதுக்கே குடுத்துருதேன்" என்றார். கருப்பட்டியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசினதில்லை.

என் ஆச்சி சோறு பொங்க அரிசி அளந்ததும், உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படிப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் பழகின பழக்கம். மிச்சத்தில் எடுக்கக் கூடாது, அளந்ததும் எடுக்க வேண்டும் என்பாள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவரும், 1912-ல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் ஆனவருமான அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 'நம்மள மாதிரி ஓலவீட்டுக்காரங்க கைப்பிடியிலதான் ஊழியம் நடந்துச்சு' என்று ஆச்சி சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். என் மனைவியும் அந்தப் பானையை விடவில்லை. அந்த ஏழு வருஷமும் எங்கள் வீட்டிலிருந்து கைப்பிடி அரிசி கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கடையில் என் கை பனையேறியின் சிப்பத்திலிருந்து எடுத்துக்கொண்டும் இருந்தது. 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து' என்ற வசனத்தை அவ்வளவு காலமும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு மட்டும் சொன்னதாக நினைத்திருந்தேன்.

எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் கொடுத்து முடிக்க 2013 ஆடி வரை ஆனது. எட்டாமவர் அதற்கு முன்பே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார், ராமநாதபுரம் பக்கம் மரம் ஏறுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு இடத்திலும் விசாரித்தேன். அவருடைய 26,460 ரூபாயைத் தனியே ஒரு உறையில் போட்டு, பேர் எழுதி, கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். 2016 நவம்பரில் பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று ஆனபோது எடுத்துப் புது நோட்டாக மாற்றி வைத்தேன். வங்கியில் போட்டால் நம் பணம் போலத் தோன்றிவிடும் என்று மனைவிக்குப் பயம்.

அந்தப் பெரியவர் இப்போது மரம் ஏறுவதில்லை. சாயங்காலம் கடை வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். போன பங்குனியில், அந்த எட்டாமவரின் மச்சான் ஒருவர் உடன்குடிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறேன். உறையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், ஒருவேளை கிடைத்துவிட்டால் இரண்டாம் தடவை அலைய வேண்டாமே என்று.